ஈரமில்லாத கடற்கரை

கடலோரத்தில் ஒரு வீடு வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்டது என் ஐம்பத்தாறாவது வயதில். அதற்கு முன்னால் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது. தீபாவளி வருஷத்துக்கு ஒரு நாள்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நாள் அத்தனையும் அந்த ஒரு நாளுக்கான வேலைதான் என்பது பட்டாசு கம்பெனிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் அய்யாதுரைக்கு எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பட்டாசு கம்பெனி. கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் செய்கிறோம். அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். போன வருஷம் மகள் கீர்த்திகாவிடம் கம்பெனியை ஒப்படைத்தார். அவள் கெமிஸ்ட்ரி படித்தவள், கெட்டிக்காரி. ஒப்படைத்தார் என்று சொல்வதெல்லாம் பேச்சுக்கு. தினமும் காலையில் அவளுக்கு முன்னால் இவர் கம்பெனி கேட்டில் நிற்பார். போக முடியாத நாளில் ஏழெட்டுத் தடவை போன் போடுவார். மருந்து கலக்கிறவர்கள் செருப்பைக் கழற்றினார்களா, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க வாசல் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்களா, ஒரு ரூமில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் இவருக்குத் தெரிய வேண்டும். கடைசியில் கீர்த்திகா என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா இருந்தா எனக்கு வேலை ஓடல. எங்கனயாவது கூட்டிட்டுப் போங்க. மாசத்துல பத்து நாள் போதும்."

"கடலுக்கு," என்றேன். யோசிக்கவே இல்லை. நான் சாத்தூரில் பிறந்தவள். கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர் என்பதைத் திருச்செந்தூரில் மட்டும் பார்த்திருக்கிறேன். அதுவும் முருகனைப் பார்த்த கையோடு ஊர் திரும்புகிற அவசரத்தில். படுத்த இடத்தில் கண்ணைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். இந்த ஒரு ஆசைதான் எனக்கு. மாடி வேண்டாம், ஏசி வேண்டாம், தோட்டம் வேண்டாம். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். அந்த வளை கடலைப் பார்த்து இருந்தால் போதும்.

இவர் மாட்டேன் என்பார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை, ஊரையும் வீட்டையும் இவர்தான் தேர்ந்தெடுப்பாராம். கிடைத்த வரைக்கும் போதும் என்று நானும் தலையாட்டினேன். அங்கேதான் ஏமாந்தேன். கடலோரத்தில் புதிதாகக் கட்ட ஆயிரத்தெட்டு விதி இருக்கிறது, கட்டின வீடாகப் பாருங்கள் என்று கீர்த்திகா சொல்லி அனுப்பினாள்.

பங்குனி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை வேம்பாருக்குப் போனோம். சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் வழி. காரை ஓட்டியது வெள்ளைத்துரை. தாயில்பட்டிக்காரர், எங்கள் கம்பெனி லோடு வண்டியை இருபது வருஷமாக ஓட்டுகிறவர். முதலாளியிடம் எப்போது பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. இவர் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. சோறு என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன். உள்ளே இரண்டு பாக்கெட் கம்பி மத்தாப்பும், நிலம் அளக்கிற டேப்பும், கம்பெனியில் தொங்குகிற வட்ட மீட்டரும் இருந்தன.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அதில் ஒரு முள் காட்டும். மருந்து தோய்த்த கம்பியை வெயிலில் காயப்போடுகிற மேடைக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் பட்டாசு வந்து உட்கார்ந்ததே மழை இல்லாததால்தான். வானம் பார்த்த பூமி என்று மற்றவர்கள் அழுதார்கள். எங்கள் ஆட்கள் அந்த வறட்சியையே சோறாக்கிக்கொண்டார்கள். அதனால் என் வீட்டுக்காரர் ஈரம் என்ற சொல்லை மற்றவர்கள் பாம்பு என்பதைப் போலத்தான் சொல்வார். அந்த மனுஷர் கடற்கரையில் வீடு பார்க்க மீட்டரோடு கிளம்பினால் என்ன ஆகும் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வேம்பார் வீடு அழகான வீடு. ஜன்னலைத் திறந்தால் இரண்டு தென்னை, அதற்குப் பின்னால் கடல். ஜன்னலில் நின்றபடியே என் கட்டிலை எங்கே போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இவர் அந்த ஜன்னல் திண்டில் ஆறு மத்தாப்புக் கம்பிகளை வரிசையாகப் பரப்பினார். இரண்டு மணி நேரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவுகளைப் பார்க்கப் போனார்.

"கதவு உள்பக்கமால்லா திறக்குது?"

வீட்டை விற்கிறவர் நல்ல மனுஷர். வீட்டுக் கதவு உள்பக்கம்தானே அண்ணாச்சி திறக்கும் என்றார்.

"ஒரு அவசரம்னா ஆளு எப்படி வெளிய ஓடும்?"

எதற்கு ஓட வேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கம்பெனியில் எந்த ரூமாக இருந்தாலும் கதவு வெளியேதான் திறக்கும், அது சட்டம். ஆனால் எங்கள் சொந்த வீட்டிலும் பூஜை அறைக் கதவு முதற்கொண்டு வெளியேதான் திறக்கும். புதிதாக வருகிறவர்கள் நெற்றியில் இடி வாங்காமல் போனதில்லை. இதையெல்லாம் அந்த மனுஷருக்கு எப்படி விளக்குவது? நான் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, காற்றுப் படாத மூலையில் உட்கார்ந்து ஒரு கம்பியைப் பற்றவைத்தார். அது இருமியது. நாலு பொறி விட்டது. அணைந்துபோனது. மீட்டரை எடுத்து என் கண்ணுக்கு நேரே காட்டினார்.

"எண்பது, காந்தம். இங்கன ஆறு மாசம் இருந்தா மனுசனே நமுத்துப் போவான்."

என் பெயர் லட்சுமிகாந்தம். காந்தம் என்று அவர் இழுத்துச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிறு மணப்பாடு. ஒரு பக்கம் குன்று, குன்றைச் சுற்றிக் கடல். காரை விட்டு இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டேன். இப்படியும் ஒரு ஊரில் மனிதர்கள் சாதாரணமாகத் துணி காயப்போட்டுக்கொண்டு, சைக்கிளில் போய்க்கொண்டு இருக்கிறார்களே என்று இருந்தது. இவர் மத்தாப்பைக்கூட வெளியே எடுக்கவில்லை. டேப்பை எடுத்து ஒரு நுனியை வெள்ளைத்துரையிடம் கொடுத்து, விற்கிற வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடைவெளியை அளந்தார். ஏழு அடி. கம்பெனியில் ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் பதினெட்டு மீட்டர் விடுகிற ஆள், ஏழு அடியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு பிடிச்சா அம்புட்டும் பிடிக்கும்."

இந்த வீட்டில் பிடிப்பதற்கு என் சோற்றுப்பானை அடிப்பிடித்தால்தான் உண்டு என்று சொன்னேன். சிரித்தது வெள்ளைத்துரை மட்டும்தான், அவரும் சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார். வந்ததற்குத் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுத் திரும்பினோம். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு. தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை, கீர்த்திகாவோடு போனில் பேசிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஞாயிறு ஒரு புரோக்கர் மாட்டினார். நல்லசிவம் என்று பெயர். ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள், அதனால் சொல்லவில்லை. கடலோர கிராமம் என்று கெஜட்டில் இருக்கலாம். நான் பார்த்தவரைக்கும் அங்கே இருந்தது உப்பளம். வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக உப்பளம், நடுவில் ஒரு வீடு. முன்பு உப்புக் கம்பெனி ஆபீசாக இருந்ததாம். கதவுகள் எல்லாம் வெளியே திறந்தன. பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி. மேல்காற்று அனலாக அடித்தது. இவர் மீட்டரைத் தூக்கிப் பிடித்தார். முள் இறங்கிக்கொண்டே போனது. இவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

மத்தாப்பு ஒரே தீக்குச்சியில் பிடித்தது. அதைத் தலைக்கு மேலே சுற்றிக் காட்டினார். அறுபத்திரண்டு வயதில், பகல் பன்னிரண்டு மணிக்கு, உப்பளத்தின் நடுவில். தன் கையால் செய்த மத்தாப்பைத் தானே கொளுத்தி இவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது என்பது உண்மை.

"உப்பு காயுற இடம், காந்தம். இதவிடக் காய்ஞ்ச இடம் கடக்கரையில எங்கன கிடைக்கும்?"

"நாம என்ன, இங்கன உப்புக் காயப்போடவா வாரோம்?"

கடல் எங்கே என்று நல்லசிவத்திடம் கேட்டேன். மாடிக்குப் போய், அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறினால் தெரியும் என்றார். ஏறினேன். கிழக்கே வெகு தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அது கடலா, இல்லை காற்றில் முன்னால் வந்து விழுந்த என் நீலச் சேலை முந்தானையா என்று என்னால் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. கீழே இறங்கியபோது பேச்சு முடிந்திருந்தது. புதன்கிழமை நல்ல நாள், நாலு மணிக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும், தூத்துக்குடிப் பார்ட்டி ஒன்று வேறு கேட்டுக்கொண்டிருக்கிறது, தாமதித்தால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார் நல்லசிவம்.

அந்த இரண்டு நாளும் அடுப்படியில் பாத்திரங்கள் அதிகச் சத்தம் போட்டன. ஊரை இவர்தான் தேர்ந்தெடுப்பார் என்று ஒப்புக்கொண்டவள் நான், இனி எந்த வாயால் வேண்டாம் என்பது? கீர்த்திகா, நான் பேசட்டுமாம்மா என்றாள். வேண்டாம் என்றேன். இவரோ நோட்டில் அந்த உப்பள வீட்டுக்குப் படம் போட்டு, எங்கே கட்டில், எங்கே மீட்டர் மாட்டுவது என்று குறித்துக்கொண்டிருந்தார். வீடு கேட்டது நான், குதூகலம் அவருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெங்காயம் உரிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன்.

புதன்கிழமை கம்பெனியில் முழு வேலை. அட்வான்ஸ் பணத்தோடு கிளம்பி விளாத்திகுளம் தாண்டுவதற்குள் ஐந்து தடவை கீர்த்திகாவுக்குப் போன் போட்டுவிட்டார். உப்பளத்துக்குத் திரும்புகிற முக்கு வந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"குடுக்கதுக்கு முன்னால ஒரு தடவை கடலைப் பக்கத்துல பாத்துட்டுப் போவோம். இதுகூடவா கூடாது?"

இவர் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைத்துரை வண்டியைக் கிழக்கே திருப்பிவிட்டார். இருபது வருஷத்தில் முதலாளி சொல்லாமல் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பியது அன்றைக்குத்தான்.

ரோடு போய் முடிந்த இடம் புன்னைத்துறை என்ற ஒரு சின்னக் குப்பம். மணலில் படகுகள், ஒரு சர்ச், முப்பது நாற்பது வீடுகள். கடைசி வீட்டில் 'விற்பனைக்கு' என்று சாக்பீஸால் எழுதின பலகை தொங்கியது. வாசலில் ஒரு அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார், அந்தோணியம்மாள் டீச்சர் என்று பெயர் சொன்னார். எழுபது வயதிருக்கும். வீட்டுக்காரர் தவறிவிட்டாராம், பெங்களூரில் இருக்கிற மகன் வரச்சொல்லி நச்சரிக்கிறானாம். குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே போனோம்.

இரண்டே அறை. முன் அறையில் ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பத்தடி மணல், அதற்கப்புறம் கடல். வேறு ஒன்றுமே இல்லை. நான் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றேன்.

சும்மா பார்ப்போம் என்று இவர் மீட்டரை எடுத்தார். முள் தொண்ணூறைத் தாண்டியது. சுவரில் சுண்ணாம்பு பூத்து உதிர்ந்திருந்தது. ஜன்னல் கம்பி துருப்பிடித்து பாதிப் பருமனாகத் தேய்ந்திருந்தது. ஜாடியில் உப்பு கஞ்சியாகக் கிடந்தது. மத்தாப்பைப் பற்றவைக்க டீச்சரிடம் தீப்பெட்டி கேட்டார். எடுத்துக் கொடுத்தார், எங்கள் சாத்தூர்த் தீப்பெட்டி. முதல் குச்சியின் மருந்து பொட்டென்று உதிர்ந்தது. இரண்டாவது குச்சி பெட்டியில் சேறு மாதிரி இழுகியது. மூன்றாவது ஒடிந்தது.

"நம்மூரு தீப்பெட்டியவே தோக்கடிச்சுட்டீகளே டீச்சர்," என்று சொல்லிவிட்டு இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இது வீடா, மீன் தொட்டியா?"

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. தீக்குச்சியை நம்பி அந்த வீட்டில் யாரும் மெழுகுதிரி ஏற்றியதில்லை, லைட்டர்தான் என்றார். வந்தது வந்தீர்கள், குழம்பு கொதிக்கிற நேரம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். மணி ஒன்றாகியிருந்தது. நாலு மணிக்குள் போனால் போதுமே என்று இவரும் ஒப்புக்கொண்டார். வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதுகை மட்டும் சாய்க்கிறேன் என்று சிமெண்ட் தரையில் துண்டை விரித்துச் சுவரோரம் படுத்தார். நான் அடுப்படியில் டீச்சருக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், குறட்டை.

இது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இவர் பகலில் தூங்குகிற ஆள் இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காது வெளியே இருக்கும். எங்கள் பக்கம் எந்தத் திசையிலாவது பெரிய சத்தம் கேட்டால், பாதிச் சோற்றில் எழுந்து தெருவுக்கு ஓடுவார். எந்த ஊர், யார் கம்பெனி, ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிகிற வரைக்கும் போனைக் கீழே வைக்க மாட்டார். தெரிந்த பிறகு சாப்பிடவும் மாட்டார். எங்கள் கம்பெனியில் இன்றுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை, மாரியம்மன் புண்ணியம். அந்தப் புண்ணியத்துக்கு இவர் தன் தூக்கத்தைத்தான் கொடுத்தார் என்று எனக்கு ஒரு கணக்கு. அந்த மனுஷர் வேலை நாளில், மத்தியானம், முன்பின் தெரியாதவர் வீட்டுத் தரையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

இரண்டரை மணிக்கு ஆணியில் மாட்டின சட்டைக்குள் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்துச் சத்தத்தை அமுக்கினேன். நல்லசிவம். எடுக்கவில்லை. மூன்று மணிக்கு வெள்ளைத்துரை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, இப்பக் கெளம்பினாத்தான் நாலுக்குப் போய்ச் சேரலாம். மொதலாளிய எழுப்பட்டுமா?"

நான் இவரைப் பார்த்தேன். ஒரு கை சுவரில் படிந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கிற அந்த இரண்டு கோடுகளைக் காணவில்லை. எழுப்பினால் உப்பள வீடு இவருக்குக் கிடைக்கும். எழுப்பாவிட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆசை ஆசையாகப் படம் போட்ட வீட்டை நான் கெடுத்தேன் என்ற பெயர் மட்டும் நிச்சயம்.

"எழுப்பாதீக," என்றேன்.

வெள்ளைத்துரை, நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தவரைப் போலக் காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மூன்றரைக்கு மறுபடி நல்லசிவம். இந்தத் தடவை போனை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினேன். அண்ணாச்சி எங்கே, தூத்துக்குடிப் பார்ட்டி பணத்தோடு வந்து நிற்கிறார்கள் என்றார்.

"அவுக தூங்குதாக."

"எழுப்புங்கக்கா. கை நழுவிப் போயிரும்."

"அவங்களுக்கே குடுத்துருங்க."

"யாருக்கு?"

"தூத்துக்குடிக்காரங்களுக்கு. எங்களுக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. முப்பத்து நாலு வருஷத்தில் இவரோடு போட்ட சண்டைக்கு அளவில்லை. ஆனால் இவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முடிவு எடுத்ததில்லை. எழுந்ததும் என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது. அதே நேரத்தில் ஒரு அலை வந்து கணுக்கால் வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. அது சுகமாகவும் இருந்தது, மறைத்து என்ன.

இவர் எழுவார் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, டீச்சரும் நானும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாளைக் குழம்பு. இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டேன். வெள்ளைத்துரைக்குக் காருக்கே தட்டு போனது. கை கழுவும்போது கீர்த்திகாவிடமிருந்து போன்.

"அம்மா, அப்பா மத்தியானத்துல இருந்து ஒரு தடவைகூடக் கூப்பிடல. நல்லா இருக்காகளா?"

"தூங்குதாக."

"பகல்லயா? டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

அவள் பயம் அவளுக்கு. குறட்டைக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோய்க் காட்டின பிறகுதான் நம்பினாள். ஐந்து மணிக்கு, கம்பெனியைப் பூட்டியாச்சு என்று அவளே மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள்.

வெயில் சாய்ந்து, படகுகளின் நிழல் தண்ணீரைத் தொட்டபோது மணி ஐந்தே முக்கால். நான் இவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு அசைந்தது. கண் திறக்கவில்லை.

"காந்தம், மழை விட்டுருச்சா?"

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பங்குனி மாதத்தில் எங்கே மழை? அப்புறம் புரிந்தது.

மழை பெய்தால் கம்பெனியில் வேலை கிடையாது. காயப்போடுகிற மேடை காலியாக இருக்கும், ரூம்கள் எல்லாம் பூட்டிக்கிடக்கும். அறுபது பேரும் அவரவர் வீட்டில் பத்திரமாக இருப்பார்கள். அந்த நாட்களில் மட்டும்தான் இவர் நிதானமாகச் சாப்பிடுவார், படுப்பார், சாயங்காலம் வரைக்கும் தூங்குவார். எங்கள் பூமியில் மழை வருஷத்துக்கு இருபது நாள் வந்தால் அதிகம். அந்த இருபது நாளும் வேலை கெட்டது என்று வாயால் புலம்புவார், ஆனால் உடம்பு தூங்கிவிடும். இங்கே நனைந்த சுவரில் கை பட்டிருக்கிறது, இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. மழை நாள் என்று உடம்பு தானாகவே முடிவு செய்துகொண்டது.

"மழை இல்ல," என்றேன். "அது கடலு."

எழுந்து உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்து, விரலில் ஒட்டின ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனியும் மறைக்கக் கூடாது என்று நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாலு மணி தாண்டிவிட்டது, உப்பள வீடு போய்விட்டது, வேண்டாம் என்று சொன்னது நான்தான், ஏச வேண்டும் என்றால் ஏசிவிடுங்கள்.

இவர் மணி எத்தனை என்றார். சொன்னேன்.

"அப்ப அம்புட்டு நேரமும் கம்பெனில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது."

"ஒண்ணும் நடக்கலயே?"

"ஒண்ணும் நடக்கல. வேலை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. கீர்த்திகா பூட்டிட்டா."

தலையைக் குனிந்துகொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையைத் துடைக்கிற நேரத்தைவிட அதிக நேரம் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், அந்தப் பலகையக் கழட்டிருங்க."

டீச்சர் கரண்டியோடு வந்து, விலையே கேட்கவில்லையே ஐயா என்றார். கேட்கிறேன், முதலில் சோறு போடுங்கள் என்றார் இவர். ஆறிப்போன குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு தடவைகூட எழுந்து வாசலுக்குப் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு விலை பேசினார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் கணக்கு எடுத்தவராம். இவரால் ஒன்றும் குறைக்க முடியவில்லை. எனக்கு அதிலும் சந்தோஷம்தான்.

வெள்ளைத்துரை வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு, கிளம்பலாமா முதலாளி என்று வந்து நின்றார்.

"நீ போலே," என்றார் இவர். "வெள்ளிக்கெளம வந்தாப் போதும்."

வெள்ளைத்துரை என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் உள்ளே போய், தன் வீட்டுக்காரருடைய பழைய கைலி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். அந்த மனுஷர் குள்ளம் போல. கட்டங்கட்டமான அந்தச் சாரம் இவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. அதைக் கட்டிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல், படகுகள் பக்கமாக மணலில் நடந்தார். போகிற போக்கில் ஒரு நண்டைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் இம்புட்டுச் சந்தோஷம் ஒரே நாளில் தாங்குமா என்றுகூட இருந்தது.

பின்னாலேயே போய் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். போனை எடுத்துக் கீர்த்திகாவைக் கூப்பிட்டார். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"வரலம்மா. நீயே பாத்துக்கோ," என்றார். "இங்கன நல்ல மழை."

மேலே நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.